டி.ரெக்ஸின் தம்பியும் கோணேசர் மலையும்

கேள்வி: குஜராத்தில் கிடைத்த ராஜசாரஸ் டைனோசருக்கும் டி.ரெக்ஸ் மாதிரியே பெரிய தலை, குட்டைக் கை. இரண்டும் அண்ணன் தம்பி என்கிறான் மகன். அப்படியென்றால் கோணேசர் மலையிலும் அதன் எலும்பு இருக்குமே, ஏன் ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை?
– வாசகர், உப்புவெளி

பதில்: 1622இல் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தது போதாதென்று நீங்களும் அலவாங்கோடு கிளம்பிவிட்டீர்களா?

முதலில் கை. ராஜசாரஸின் கை எலும்பு கிடைக்கவே இல்லை. மகன் பார்த்தது ஓவியர் போட்ட கை. ஆனால் ஓவியரைக் குறை சொல்ல முடியாது. அதன் குடும்பம் அபெலிசாரிடே. அதே குடும்பத்து அர்ஜென்டினாக்காரர் கார்னோடாரஸின் கை கிடைத்திருக்கிறது: முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி, நான்கு மொட்டை விரல். டி.ரெக்ஸ் கையும் குட்டைதான், ஆனால் தடித்தது. இரண்டு விரல், இரண்டிலும் நகம். தலையும் வேறு. அபெலிசாரிட்களுக்கு மூஞ்சி குட்டை, மண்டை உயரம், எலும்பின் மேற்பரப்பு சொரசொரப்பு. கார்னோடாரஸுக்குக் கண்ணுக்கு மேலே இரண்டு கொம்பு, ராஜசாரஸுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு.

நம் கடலில் சுறாவுக்கும் முதுகுத்துடுப்பு உண்டு, திமிங்கிலத்துக்கும் உண்டு. சொந்தம் என்பீர்களா? கை குட்டையானதும் இப்படித்தான், இரண்டு கிளைகளில் தனித்தனியாக. டி.ரெக்ஸ் இருப்பது பறவைகள் வந்த கிளையில். அதற்கு ராஜசாரஸைவிட உங்கள் வீட்டுக் கோழி நெருங்கிய உறவு. (மகனிடம் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டாம்.)

சரி, இதில் ஏமாந்தது உங்கள் மகன் மட்டுமல்ல. மடகாஸ்கரில் கிடைத்த ஒரு தடித்த மண்டைத் துண்டை 1979இல் நிபுணர்களே தாவரம் தின்னும் மொட்டைத்தலை டைனோசர் என்று எழுதினார்கள். 1990களில் முழு மண்டையோடு கிடைத்த பிறகுதான் அது மஜுங்காசாரஸ், அசல் அபெலிசாரிட், ஊன் தின்னி என்று தெரிந்தது.

அப்புறம் மலை. ராஜசாரஸ் வாழ்ந்து ஏறக்குறைய 6.7 கோடி ஆண்டு. கோணேசர் மலைப் பாறையோ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. டைனோசர் பிறப்பதற்கு முன்பே இறுகிவிட்ட கல்லுக்குள் அதன் எலும்பு எப்படிப் போகும்? போகத்தான் வேண்டுமென்றால் புத்தளம் பக்கம் தப்போவைக்குப் போங்கள். அங்கே ஜுராசிக் காலப் படிவுப் பாறை இருக்கிறது. எலும்பு அல்ல, இலைப் பதிவுகள். அலவாங்கு வீட்டிலேயே இருக்கட்டும்.