கின்னெவிக் என்ற சுவீடன் முதலீட்டுக் குழுமம் ஊடகத்திலும் தொலைத்தொடர்பிலும் இவ்வளவு வளர்ந்தது எப்படி?

2003இல் ஸ்டொக்ஹோமுக்கு வந்த புதிதில் தினமும் காலையில் நிலக்கீழ் ரயிலில் சுவீடிஷ் மொழி வகுப்புக்குப் போவேன். நிலையத்துப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் 'மெட்ரோ' பத்திரிகை கட்டுக்கட்டாக இருக்கும். காசு கொடுக்கத் தேவையில்லை. வாசித்து முடித்தவர்கள் இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள், ஏறுகிறவர் அதை எடுத்து வாசிப்பார். அதன் ஓரங்களில் பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதித்தான் நான் சுவீடிஷ் பழகினேன். என் சட்டைப் பையில் இருந்த கைத்தொலைபேசியில் கொம்விக் நிறுவனத்தின் முற்பண எண். நான் தங்கியிருந்த வீட்டு அண்ணை சனிக்கிழமைகளில் பார்த்தது டிவி3 தொலைக்காட்சி. இந்த மூன்றும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்பது சில வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வீடுதான் கின்னெவிக்.

அதன் தொடக்கத்தில் ஊடகமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஸ்டென்பெக், கிளிங்ஸ்போர், ஃபொன் ஹோர்ன் என்ற மூன்று குடும்பங்கள் சேர்ந்து 1936 டிசம்பரில் தொடங்கிய முதலீட்டு நிறுவனம் அது. சுவீடனின் வேனர்ன் ஏரியில் ஒரு குடாவுக்கு இருந்த பெயரையே நிறுவனத்துக்கும் வைத்தார்கள். காடு, பண்ணை, உருக்கு, காகிதக்கூழ் ஆலை என்று நிலத்தோடு ஒட்டிய தொழில்களில்தான் முதல் நாற்பது வருடங்களும் காசு இருந்தது. சான்ட்விக் உருக்கு நிறுவனத்தில் பங்கு, கொர்ஷ்னேஸ் காகித ஆலை இவையெல்லாம் அந்தக் காலத்தவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் செய்மதிக்கும் கைத்தொலைபேசிக்கும் போட்ட காசு மரத்திலும் இரும்பிலும் இருந்துதான் வந்தது.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் யான் ஸ்டென்பெக். 1942இல் பிறந்தவர், ஹார்வர்டில் படித்துவிட்டு நியூயோர்க்கில் மோர்கன் ஸ்டான்லியில் வேலை செய்தவர். 1976இல் அண்ணன் இறந்தார், அடுத்த வருடம் தகப்பனும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நிறுவனம் யார் கையில் என்பதில் குடும்பத்துக்குள் கடும் பிணக்கு. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் அவருடைய அக்கா மார்கரெத்தா அஃப் உக்லாஸ், 1991இல் சுவீடனின் வெளியுறவு அமைச்சரானவர். கடைசியில் கின்னெவிக் யானின் கைக்கு வந்தது. உடன்பிறந்தவர்களிடையே விழுந்த பிளவுதான் இந்த வளர்ச்சிக்குக் கொடுத்த முதல் விலை என்று எனக்குப் படுகிறது.

யான் அமெரிக்காவில் பார்த்தது, தொலைபேசி ஏகபோகம் உடையத் தொடங்கிய காலத்தை. சுவீடனிலோ தொலைபேசி என்றால் டெலிவெர்கெட் என்ற அரசு நிறுவனம்தான். வலையமைப்பும் அதன் கையில், அதில் யார் இணையலாம் என்ற சட்டாம்பிள்ளைத்தனமும் அதன் கையில். அங்கேதான் யான் போய்த் தட்டினார். தனியார் கையில் இருந்த சிறு சிறு நடமாடும் தொலைபேசி நிறுவனங்களை வாங்கிச் சேர்த்து 1981இல் கொம்விக்கைத் தொடங்கினார். அழைப்புகளைத் தானியங்கியாக இணைக்கக் கூடாது என்று டெலிவெர்கெட் மறுத்தது. விவகாரம் அரசாங்கம் வரை போய்த்தான் அனுமதி கிடைத்தது. கிடைத்த அலைவரிசையோ கொஞ்சம். அரசு நிறுவனம் வேகமாக வளர, கொம்விக் பத்து வருடம் நொண்டிக்கொண்டே போனது.

அந்தப் பத்து வருடம் ஏன் கைவிடவில்லை என்று கேட்டால், அங்கேதான் உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி இருக்கிறது. ஆட்களும் அனுபவமும் கையில் இருந்ததால், ஜிஎஸ்எம் என்ற புதிய எண்முறைக் கைத்தொலைபேசிக்கு உரிமம் வந்தபோது முதல் நாளே ஓடத் தயாராக இருந்தார்கள். 1992இல் அதே பெயரில் ஜிஎஸ்எம் சேவை வந்தது. 1993இல் தொலைத்தொடர்புச் சட்டம் சந்தையைத் திறந்துவிட, டெலே2 என்ற பெயரில் மலிவான வெளிநாட்டு அழைப்புகளும் வந்தன. ஊருக்குக் கதைக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொலைக்காட்சியிலும் அதே புத்திதான். சுவீடன் மண்ணிலிருந்து விளம்பரத்தோடு தொலைக்காட்சி நடத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சரி, மண்ணிலிருந்து வேண்டாம், வானத்திலிருந்து வரட்டும் என்று முடிவெடுத்தார்கள். 1987 டிசம்பர் 31 அன்று லண்டனிலிருந்து செய்மதி வழியாக டிவி3 ஒளிபரப்பைத் தொடங்கியது. சுவீடன், டென்மார்க், நோர்வே மூன்று நாடுகளுக்கும் அது போனது. பிரித்தானிய உரிமத்தில் நடந்ததால் சுவீடன் அதிகாரிகளால் நிறுத்த முடியவில்லை. லக்சம்பேர்க்கின் எஸ்இஎஸ் செய்மதி நிறுவனத்திலும் கின்னெவிக் ஆரம்பத்திலேயே காசு போட்டிருந்தது. அதன் முதல் செய்மதி ஆஸ்ட்ரா 1ஏ 1988 டிசம்பரில் மேலே போனது. பொருளைச் செய்கிறவனே தெருவிலும் பங்கு வைத்திருந்தான் என்று சொல்லலாம். சில வருடங்களில் சுவீடன் அரசே தரைவழி விளம்பரத் தொலைக்காட்சிக்கு அனுமதி கொடுத்தது. அந்த உரிமத்தைப் பெற்ற டிவி4இலும் கின்னெவிக் பங்கு வாங்கியது.

இதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. சிறுவர்களைக் குறிவைத்த தொலைக்காட்சி விளம்பரத்தைச் சுவீடன் தடைசெய்திருந்தது. லண்டன் வழி வந்த டிவி3க்கு அந்தத் தடை சிக்கலாகி, 1997இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. இரண்டு பிள்ளைகளை இங்கே வளர்த்தவன் என்ற முறையில் அந்தத் தடை நல்ல தடை என்றே நினைக்கிறேன். எல்லா வேலியும் ஏகபோகத்தின் வேலி அல்ல.

இனி எங்கள் பக்கத்துக் கதை. யான் அமெரிக்காவில் 1982இல் மில்லிகொம் என்ற கைத்தொலைபேசி நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்கெடுத்தார். பிரித்தானியாவில் ராக்கல் என்ற மின்னணு நிறுவனத்தோடு மில்லிகொம் சேர்ந்து எடுத்த உரிமத்திலிருந்துதான் வோடஃபோன் பிறந்தது. அதற்குப் பிறகு மில்லிகொம் பெரிய நாடுகளை விட்டுவிட்டு, மற்றவர்கள் போகத் தயங்கிய நாடுகளுக்குப் போனது. அதில் ஒன்று இலங்கை. 1989இல் வந்த செல்டெல், இலங்கையில் மட்டுமல்ல, தெற்காசியாவிலேயே முதல் கைத்தொலைபேசிச் சேவை. இந்தியாவில் கைத்தொலைபேசி வந்தது 1995இல். இலங்கை எரிந்துகொண்டிருந்த அந்த 1989இல், கொழும்பில் கோபுரம் நட ஒரு வெளிநாட்டு நிறுவனம் துணிந்தது என்பதை இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

கொழும்பில் பெரியப்பா வேலை செய்த கடை முதலாளியிடம் ஒரு செல்டெல் தொலைபேசி இருந்தது. செங்கல் மாதிரிக் கனமாக இருக்கும். வரும் அழைப்புக்கும் காசு என்பதால் முதலாளி இரண்டு சொல் கதைத்து வைத்துவிட்டு, கடைத் தொலைபேசியில் திரும்ப எடுப்பார். அந்தச் செல்டெல் 2007இல் டிகோ என்று பெயர் மாறியது, 2009இல் எடிசலாட் என்ற அமீரகத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

இவ்வளவையும் ஒரே குடும்பம் எப்படிக் கட்டி ஆண்டது? சுவீடனில் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு வகைப் பங்கு இருக்கலாம். ஒருவகைக்கு ஒரு வாக்கு, மற்றதுக்குப் பத்து. பத்து வாக்குப் பங்கை வைத்திருந்தால் குறைந்த முதலோடு பெரிய நிறுவனத்தை ஆளலாம். வளர்ந்த பிள்ளைகளைக் கின்னெவிக் தனிக்குடித்தனம் வைத்தது. கொம்விக்கும் டெலே2வும் சேர்ந்த தொலைத்தொடர்பு நிறுவனம் 1996இல் பங்குச்சந்தைக்குப் போனது, தொலைக்காட்சிகளைச் சேர்த்த எம்டிஜி 1997இல், மெட்ரோ 2000இல். பங்குகள் கின்னெவிக்கின் பங்காளிகளுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டன, பிடியோ ஸ்டென்பெக் பக்கமே இருந்தது.

நான் வாசித்த மெட்ரோ தொடங்கியது 1995 பெப்ரவரி 13 அன்று. யோசனை மூன்று பத்திரிகைக்காரர்களுடையது, காசு போட்டவர் யான். நிலக்கீழ் ரயில் நிலையங்களுக்குள் விநியோகிக்கும் உரிமையைப் போக்குவரத்து நிறுவனத்திடம் வாங்கியதில்தான் எல்லாம் இருந்தது. வீடுவீடாகப் போட ஆள் வேண்டாம், சந்தா வேண்டாம், வாசகர் தானாக வந்து எடுப்பார். இருபது நிமிடப் பயணத்துக்குள் வாசித்து முடிக்கும் அளவுக்கே செய்தி. அந்த முறை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது.

யான் 2002 ஓகஸ்டில் பாரிசில் மாரடைப்பால் இறந்தார். அப்போது 24 வயதான மகள் கிறிஸ்டினா பொறுப்புக்குள் வந்தார், 2007இல் தலைவரானார். அவர் காலத்தில் காகித ஆலை கையை விட்டுப் போக, காசு இணைய வணிகத்துக்குத் திரும்பியது. இணையத்தில் உடுப்பு விற்கும் ஜெர்மனியின் சலாண்டோ அதில் பெரியது. இந்தியாவில் குவிக்கர் என்ற இணைய விளம்பரத் தளத்திலும் காசு போட்டார்கள்.

பிறகு பழைய பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் போயின. எம்டிஜி பங்குகள் 2018இல், மில்லிகொம் 2019இல். அதே 2019இல் சுவீடன் மெட்ரோவின் அச்சும் நின்றது. எங்கள் நிலையத்தில் அந்தத் தட்டு கொஞ்சக் காலம் வெறுமையாகவே நின்றது, ஒருநாள் பார்த்தால் சுவரில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. 2024இல் டெலே2 பங்கையும் பிரான்சின் தொலைத்தொடர்பு முதலாளி சேவியர் நீல் பக்கத்துக்கு விற்றுவிட்டார்கள். என் கொம்விக் எண் மட்டும் இருபது வருடமாக மாறவில்லை.