மும்மூலைவிட்டத் தாயத்தின் ஐகன் பெறுமானங்களை மென்பொருளில் எடுக்கச் சரியான வழி எது?

கேட்டவர் திருகோணமலைத் துறைமுகத்தின் இயல்பு அலைவுகளைக் கணிக்கிறார். குடாவை நீளவாட்டில் 500 துண்டாக வெட்டி, வந்த தாயத்தை (இந்தியாவில் 'அணி' என்பார்கள்) பைதன் மொழியின் கணித நூலகமான நம்பையின் 'ஐக்' பங்ஷனுக்குக் கொடுத்திருக்கிறார். நடு மூலைவிட்டத்திலும் அதன் இரு பக்கத்திலும் மட்டுமே எண்கள் இருப்பதால் அது மும்மூலைவிட்டத் தாயம்; அதன் ஐகன் பெறுமானம் ஒவ்வொன்றும் ஓர் அலைவின் காலத்தைத் தரும் எண். பெறுமானங்கள் வரிசை குழம்பி வருகின்றன, சிலவற்றில் கற்பனைப் பகுதி ஒட்டியிருக்கிறது, முதல் அலைவுகாலம் எண்ணாகவே வரவில்லை.

பைதனின் இன்னொரு நூலகமான சைப்பையில் 'ஐக்-எச்-ட்ரைடயகனல்' என்று ஒரு பங்ஷன் 2017இல் வந்த 1.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதைப் பாவியுங்கள். ஆனால் அது வரிசைக் குழப்பத்தை மட்டுமே தீர்க்கும். மற்ற இரண்டும் நீங்கள் தாயத்தைக் கட்டிய விதத்தில் இருக்கின்றன. நிலாவெளிப் பக்கம் கம்பஸில் இறுதி வருட ஆய்வு செய்பவர் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு ஆளென்றாலும் கணக்கு மாறாது.

கற்பனைப் பகுதி வருகிறதென்றால் தாயம் சமச்சீராக இல்லை. குடாவின் அகலம் இடத்துக்கிடம் மாறுவதால் ஒவ்வொரு நிரையையும் அந்த இடத்து அகலத்தால் பிரித்திருப்பீர்கள். அப்படிப் பிரித்தால் மேல்மூலைவிட்டமும் கீழ்மூலைவிட்டமும் வேறாகிவிடும். இதற்கு, சமச்சீர்த் தாயங்களுக்கென்று நம்பையில் உள்ள 'ஐக்-எச்' போட்டால் வரிசையான மெய்யெண்கள்தான் வரும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது கீழ்ப்பாதியை மட்டும் வாசித்து, சமச்சீரா என்று பார்க்காமலே, வேறொரு தாயத்தின் விடையைத் தரும். எச்சரிக்கை எதுவும் வராது.

சரியான கட்டுமானம் இது. இரண்டு துண்டுகளுக்கு இடையிலான முகத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, துண்டு நீளத்தின் வர்க்கத்தால் பிரியுங்கள். அதை முகப்பெறுமானம் என்போம். மூலைவிட்ட மூலகம் இடம், வலம் இரண்டு முகப்பெறுமானங்களின் கூட்டுத்தொகையை அந்தத் துண்டின் அகலத்தால் பிரித்தது. பக்க மூலகம் முகப்பெறுமானத்தை அடுத்தடுத்த இரு அகலங்களின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் பிரித்து, மறைக்குறி இட்டது. இப்போது தாயம் சமச்சீர், மும்மூலைவிட்டமும் கெடவில்லை. ஐகன் பெறுமானம் கோணமீடிறனின் (2π ஐ அலைவுகாலத்தால் பிரித்தது) வர்க்கம். ஐகன் காவியை (அலையின் வடிவத்தைத் தரும் எண் தொடர்) படமாக வரையும்போது மட்டும் ஒவ்வொரு மூலகத்தையும் அகலத்தின் வர்க்கமூலத்தால் திரும்பப் பிரிக்க வேண்டும். இதை மறந்தால் அலைவுகாலம் சரியாக இருக்கும், அலையின் வடிவம் பிழையாக இருக்கும்.

முதல் அலைவுகாலம் எண்ணாக வராததற்குக் காரணம், பெரும்பாலும் இரண்டு முனைகளையும் சுவராக மூடியிருக்கிறீர்கள். இருபுறமும் மூடிய தொட்டிக்கு முதல் ஐகன் பெறுமானம் சரியாகப் பூச்சியம், அதாவது நீர் மட்டம் முழுதும் ஒன்றாக உயர்ந்து நிற்பது. கணினியில் அது பூச்சியமாக வராது, மிகச் சிறிய நேரெண்ணாகவோ மறையெண்ணாகவோ வரும். மறையாக வந்தால் வர்க்கமூலம் அங்கேயே விழுந்துவிடும். துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக்குடா வங்கக்கடலுக்குத் திறந்தது. கரை முனையில் முகப்பெறுமானம் பூச்சியம். திறந்த வாயில் நீர்மட்ட மாற்றம் பூச்சியம், ஆகவே அந்தக் கடைசி முகத்தின் பெறுமானத்தை மூலைவிட்டத்தில் இரண்டு மடங்காகச் சேர்க்க வேண்டும். துண்டின் நடுவிலிருந்து வாய்க்குத் தூரம் பாதிதான் என்பதால் இந்த இரண்டு மடங்கு.

இனிப் பங்ஷன். முழுத் தாயத்தைக் கொடுக்க வேண்டாம். மூலைவிட்டத்துக்கு 500 எண், பக்கத்துக்கு 499 எண், இரண்டு நிரல்கள் (எண் தொடர்கள்) போதும். 'செலெக்ட்' என்பதில் 'ஐ' போட்டு, வீச்சு 0, 4 என்று கொடுத்தால் சிறிய ஐந்தும் ஏறுவரிசையில் வரும். இரு முனையும் சேர்த்தே எண்ணப்படும். ஜூலியா மொழியில் 'சிம்-ட்ரைடயகனல்' என்று கட்டி 1 முதல் 5 என்று கேட்க வேண்டும், அங்கே எண்ணிக்கை 1இல் தொடங்கும். 500க்கு இதெல்லாம் எதற்கு, முழுத் தாயம் 2 மெகாபைட்தானே என்று ஒருவர் கீழே எழுதப்போகிறார். 500க்குச் சரி. துண்டுகளை 20,000 ஆக்கினால் முழுத் தாயம் 3.2 கிகாபைட், இரண்டு நிரல்கள் 320 கிலோபைட். 4 கிகாபைட் லப்டொப்பில் முதலாவது அசையாது.

உள்ளே வேலை செய்வது லேபேக் என்ற தாயக்கணக்கு நூலகம். எல்லாப் பெறுமானமும் வேண்டும், காவி வேண்டாம் என்றால் 'ஸ்டெர்ஃப்' மிகக் கெதியானது. காவிகளும் வேண்டுமென்றால் 'ஸ்டெமர்', டில்லனும் பார்லெட்டும் வளர்த்த முறை. சிலதை மட்டும் கேட்டால் சைப்பை தானாகவே 'ஸ்டெப்-இசட்'டுக்குப் போகும், அது இருகூறாக்கல், அதாவது பெறுமானம் இருக்கும் இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கித் தேடுவது.

இந்த இருகூறாக்கலின் அடியில் உள்ள எண்ணும் முறையைக் கையால் ஒருதரமாவது செய்து பாருங்கள், எக்செல் போதும். ஒரு சோதனை எண்ணை எடுங்கள். முதல் மூலைவிட்ட மூலகத்திலிருந்து அதைக் கழியுங்கள். அடுத்த நிரையில் மூலைவிட்டத்திலிருந்து சோதனை எண்ணைக் கழித்து, பக்க மூலகத்தின் வர்க்கத்தை முந்தைய விடையால் பிரித்து அதையும் கழியுங்கள். இப்படியே கடைசி வரை போங்கள். வந்த விடைகளில் எத்தனை மறையெண்ணோ, சோதனை எண்ணுக்குக் கீழே அத்தனை ஐகன் பெறுமானங்கள். நடுவில் ஒரு விடை சரியாகப் பூச்சியமாகிவிட்டால் அதற்குப் பதில் மிகச் சிறிய எண்ணொன்றைப் போட வேண்டும், லேபேக்கும் அதைத்தான் செய்கிறது. 20 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் இடையில் எத்தனை அலைவு உண்டு என்று கேட்டால், அந்தக் காலங்களின் கோணமீடிறன் வர்க்கங்களான 2.7416 × 10⁻⁵, 1.2185 × 10⁻⁵ இரண்டிலும் எண்ணிக் கழித்தால் விடை. மென்பொருள் ஒரு பெறுமானத்தைத் தவறவிட்டதா என்று பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

உண்மைக் குடாவைத் தொடுவதற்கு முன், சமமான அகலமும் ஆழமும் உள்ள கற்பனைத் தொட்டியில் சரிபாருங்கள். நீளம் 5 கிலோமீற்றர், ஆழம் 20 மீற்றர், ஒரு முனை மூடி மறுமுனை திறந்தது. முதல் அலைவுகாலம் ஏறக்குறைய 1428 செக்கன், அடுத்தது அதில் மூன்றிலொன்று, 476 செக்கன். 500 துண்டில் இந்த எண்கள் வராவிட்டால் முனை நிபந்தனையில் பிழை.

துல்லியம் பற்றி ஒன்று. இந்த முறைகள் உறுதி தருவது, வழு மிகப்பெரிய ஐகன் பெறுமானத்தின் 10⁻¹⁶ பங்கு அளவுக்குள் நிற்கும் என்பதைத்தான். சிறியதற்கு அதே எண்ணிக்கை இலக்கங்கள் கிடைக்காது. மேலேயுள்ள தொட்டியில் பெரியது 7.85, சிறியது 1.94 × 10⁻⁵, ஆகவே சிறியதில் ஒன்பது பத்து இலக்கம் நம்பலாம். திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்குக் கீழே இறங்குகிறது. அதையும் தாயத்தில் சேர்த்தால் இன்னும் ஓரிரு இலக்கம் போகும், அவ்வளவுதான்.

நெருங்கிய பெறுமானங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பக்க மூலகங்களில் பூச்சியம் இல்லாவிட்டால் கணிதப்படி எல்லாப் பெறுமானமும் வேறுவேறு. ஆனால் சோதனைக்குப் பேர்போன வில்கின்சனின் 21 நிரைத் தாயத்தில் பெரிய இரண்டும் 10.7461941829033 வரை ஒன்றாகவே ஓடுகின்றன. ஒடுங்கிய வாயால் இணைந்த, ஒத்த அளவுள்ள இரண்டு சிறு குடாக்களிலும் இப்படி வரலாம். அப்போது 'அலை ஒரு பக்கத்தில் மட்டும்' என்று படம் காட்டினால், ஆழத்தில் ஒரு சென்ரிமீற்றரை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். படம் தலைகீழானால் அதை றிப்போர்ட்டில் முடிவாக எழுதாதீர்கள்.

பத்து இலக்கம் பற்றி இவ்வளவு கதைக்கிறோம், ஆழ எண்கள் எங்கிருந்து வருகின்றன? இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒருவர் உலகில் இரண்டாவது என்கிறார், இன்னொருவர் ஐந்தாவது என்கிறார். எதில் இரண்டாவது, ஆழத்திலா பரப்பிலா, யார் அளந்தது, ஒன்றும் இருக்காது. அந்த எண்ணைப் பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து புள்ளியும் வாங்குகிறார்கள். ஊர்ப்பெருமை எனக்கும் உண்டு, சண்டைக்கு வர வேண்டாம். அதே பழக்கத்தோடு ஆழத்தையும் எங்கிருந்தாவது எடுத்துப் போட்டால் கணக்கு கெடும் என்பதற்காகச் சொல்கிறேன். பழைய பிரித்தானியக் கடற்படங்களில் ஆழம் அடிக்கணக்கில் அல்லது பாகத்தில் ('ஃபாதம்' என்ற கடல் அளவு) இருக்கும். ஒரு பாகம் 1.8288 மீற்றர். பாகத்தை மீற்றர் என்று வாசித்தால் அலைவுகாலம் எல்லாம் 35 வீதம் கூடிவரும். கடற்படத்தின் மூலையில் அலகு எழுதியிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். வற்றுப்பெருக்கு நம் கரையில் ஒரு மீற்றருக்குள்தான், 20 மீற்றர் ஆழத்தில் அது சிறிய திருத்தம்.

குடாவின் கிளைகளையும் சேர்த்து இரு பரிமாணத்துக்குப் போனால் தாயம் மும்மூலைவிட்டமாக இராது. அங்கே லாங்சோஸ் முறை பெரிய தாயத்திலிருந்து ஒரு சிறிய மும்மூலைவிட்டத் தாயத்தை உருவாக்கித் தரும். அதை நீங்களே எழுதினால் ஒரே பெறுமானம் இரண்டு மூன்று தரம் வரும். காவிகள் செங்குத்தை இழப்பதால் வருகிற போலிகள் அவை, மும்மூலைவிட்டப் பங்ஷனின் குற்றமல்ல. சைப்பையின் 'ஐக்-எஸ்-எச்' மறுசெங்குத்தாக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். 'சிறியது வேண்டும்' என்று மட்டும் கேட்டால் அது ஆமை வேகம், பூச்சியத்துக்கு அருகில் தேடச் சொல்ல 'சிக்மா' பூச்சியம் என்று கொடுங்கள்.