ஃபயர்வோல் பெட்டி கொழுவினதும் இன்ரநெற் நிண்டது: பிழை லான் முகவரியில

வணக்கம். பழைய டெஸ்க்ரொப்பில ஓபிஎன்சென்ஸ் (OPNsense) எண்ட ஃபயர்வோல் மென்பொருளைப் போட்டு ஃபைபர் ரவுட்டருக்குப் பின்னால கொழுவினதில இருந்து ஒரு பக்கமும் திறக்குதில்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். நீங்கள் அனுப்பின படத்திலயே காரணம் கிடக்கு: வான் (WAN, ரவுட்டர் பக்கத் துளை) முகவரி 192.168.1.34, லான் (LAN, வீட்டுப் பக்கத் துளை) முகவரி 192.168.1.1. ரெண்டு பக்கமும் 192.168.1 எண்டு தொடங்கிற ஒரே வலையமைப்பு எண்டால் எதை எங்க அனுப்புறதெண்டு பெட்டிக்கு விளங்காது. 192.168.1.1 எண்டது ஓபிஎன்சென்ஸ் லானுக்குத் தானாக வைக்கிற இலக்கம். கனக்க ரவுட்டர்களும் அதையேதான் வைச்சிருக்கும்.

பெட்டியிலயே மொனிற்றரும் கீபோட்டும் கொழுவி, மெனுவில 2 ஐ அமத்தி, லானை 192.168.20.1 ஆக்குங்கோ, சப்நெற் (வலையமைப்பின்ர அளவு) 24. டிஎச்சிபி (கருவியளுக்குத் தானாக முகவரி குடுக்கிற வசதி) வேணுமோ எண்டு கேட்டால் ஓம் எண்டு குடுங்கோ.

அடுத்தது, ஃபைபர் ரவுட்டரின்ர வைஃபையைக் கட்டாயம் நிப்பாட்டுங்கோ. கொக்குவிலில எங்கட வீட்டில நான் இதை மறந்துபோனன். பிள்ளையளின்ர போன் எல்லாம் பழைய வைஃபையிலயே நிண்டு, ஃபயர்வோலைத் தொடாமலே ரெண்டு கிழமை வெளிய போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வைஃபை ரவுட்டர் இருந்தால் அதின்ர டிஎச்சிபியை நிப்பாட்டி, ஃபயர்வோலில இருந்து வாற வயரை அதின்ர லான் துளையில குத்துங்கோ, வான் துளையில இல்லை.

டெஸ்க்ரொப்பின்ர ரெண்டாவது நெற்வேர்க் துளைக்கு யூஎஸ்பி அடப்ரர் எண்டால் இடைக்கிடை அறும். பாவிச்ச இன்ரெல் நெற்வேர்க் காட் ஒண்டு தேடி எடுங்கோ.

கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக எழும்ப பயோஸிலயும் (கணினி தொடங்கேக்க திறக்கிற அடிப்படை அமைப்புப் பக்கம்) ஒருக்கால் பாருங்கோ.