புது சர்வர், பழைய கணினிகள்: கேள்வி பதில்

கோவை, திருப்பூர் பக்கம் மில், அச்சகம், கிளினிக் என்று சின்ன அலுவலகங்களுக்கு சர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். புது விண்டோஸ் சர்வரைப் பழைய கணினிகளோடு கோர்க்கும்போது என்ன தகராறு வருகிறது, கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டீர்கள். லைசென்ஸ் விலையும் எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்பதும் என் கடையில் கிடைக்காது.

கேள்வி (ஈரோடு): விண்டோஸ் சர்வர் 2003-ஐ எடுத்துவிட்டு 2022 பதிப்பைப் போட்டோம். எல்லாம் ஓடுகிறது, மூன்று விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் மட்டும் ஷேர் (சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர்) திறக்கவில்லை. பிங் போகிறது.

பிங் போகிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஃபைல் ஷேர் வேறு சமாச்சாரம். ஷேரைத் திறக்கக் கணினிகள் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர், இரண்டு கணினிக்கும் பொதுவாக அதில் ஒரு பதிப்பு இருக்க வேண்டும். எக்ஸ்பிக்கும் 2003க்கும் எஸ்எம்பி1 ஒன்றுதான் தெரியும். விஸ்டாவும் 2008ம் எஸ்எம்பி2 கற்றுக்கொண்டன, விண்டோஸ் 7 வந்தபோது 2.1, விண்டோஸ் 8 வந்தபோது 3.0, விண்டோஸ் 10 வந்தபோது 3.1.1. சர்வர் 2019 முதல் எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. உங்கள் எக்ஸ்பி பேசும் ஒரே மொழி உங்கள் 2022 சர்வரில் இல்லை.

சர்வர் மேனேஜரில் அதை ஒரு ஃபீச்சராகச் சேர்க்கலாம். டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடத்தில் ஷேர் திறந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், செய்யாதீர்கள். மூன்று கணினிக்காக எல்லோருக்கும் பழைய கதவைத் திறந்துவிடுவீர்கள், அப்புறம் அதை மூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாற்று வழி கீழே ஒரு சண்டைக்கு நடுவில் இருக்கிறது.

கேள்வி (சிவகாசி): எங்கள் பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் சர்வர் ஃபோல்டருக்குப் போய் விழும். சர்வர் மாற்றியதிலிருந்து விழவில்லை.

அதே வியாதிதான். பெரும்பாலான பழைய மெஷின்கள் எஸ்எம்பி1-இல்தான் ஸ்கேனை அனுப்பும். முதலில் மெஷினின் வெப் பக்கத்தில் நெட்வொர்க் செட்டிங்கைப் பாருங்கள். சில மாடல்களில் எஸ்எம்பி2 வசதி இருந்தும் அணைந்தே கிடக்கும். இல்லையென்றால் ஃபர்ம்வேர் அப்டேட் உண்டா என்று சர்வீஸ் ஆளிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்கேனை எஃப்டிபிக்கோ (ஃபைல் அனுப்பும் இன்னொரு பழைய முறை) மின்னஞ்சலுக்கோ திருப்புங்கள்.

இன்னொன்று. அந்த ஃபோல்டர் டொமைன் கன்ட்ரோலரிலா (அலுவலகத்தின் பயனர் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் பார்த்துக்கொள்ளும் சர்வரிலா) இருக்கிறது? அப்படியானால் எஸ்எம்பி2 வந்தாலும் மெஷின் தடுக்கலாம், ஏனென்றால் டொமைன் கன்ட்ரோலர் வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையொப்பம் (நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) கேட்கும். டொமைன் கன்ட்ரோலரில் ஷேர் போடாதீர்கள். இதை இன்னும் நாலைந்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): 2022 சர்வர் போட்ட பிறகு எக்ஸ்பியில் ஷேர் வரவில்லை.

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (சேலம்): ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸில் எழுதிய பில்லிங் மென்பொருள். டேட்டா சர்வர் ஷேரில். 2003 இருந்தவரை ஒரு குறையும் இல்லை. 2019க்கு மாறிய பிறகு வாரத்துக்கு இரண்டு முறை இண்டெக்ஸ் கெட்டுப்போகிறது. ஒருவர் போட்ட பில் அடுத்த மேஜையில் உடனே தெரியவில்லை. ஹார்டு டிஸ்க் மாற்றிப் பார்த்தோம்.

டிஸ்க் பாவம், அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதாகச் சொன்னீர்களே, அடுத்த மேஜையில் தெரியவில்லை என்று, அதில்தான் பதில் இருக்கிறது.

டிபிஎஃப் ஃபைல்களில் டேட்டா வைக்கும் ஃபாக்ஸ்ப்ரோ போன்ற மென்பொருளுக்கு, நடுவில் நின்று கவனிக்கும் டேட்டாபேஸ் சர்வர் என்று ஒன்று கிடையாது. பத்துப் பேரும் ஒரே ஃபைலை நேராகத் திறந்து, பூட்டி, எழுதி, விடுவிக்கிறார்கள். எழுதியது அந்த நொடியே எல்லோருக்கும் தெரியும் என்று நம்பித்தான் அந்தக் காலத்தில் எழுதினார்கள். எஸ்எம்பி2-இல் கிளையன்ட், அதாவது ஷேரைத் திறக்கும் கணினி, தன் பக்கத்திலேயே சில விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபைல் அளவு, தேதி போன்றவை 10 விநாடி, ஃபோல்டர் பட்டியல் 10 விநாடி, 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற பதில் 5 விநாடி. வேர்டு, எக்ஸெலுக்கு இது வரம். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு விஷம்.

2003-இல் ஆப்லாக்கை (கிளையன்ட் இப்படி நினைவில் வைக்க சர்வர் தரும் அனுமதியை) அணைத்து இதைச் சமாளித்திருப்பீர்கள். அந்த ரெஜிஸ்ட்ரி வேலை எஸ்எம்பி1க்கு மட்டும்தான் செல்லும். இப்போது ஒவ்வொரு கிளையன்ட் கணினியின் ரெஜிஸ்ட்ரியிலும் லேன்மேன்வொர்க்ஸ்டேஷன் பாராமீட்டர்ஸ் கீழே ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம், டைரக்டரிகேஷ்லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம் மூன்றையும் 0 ஆக்குங்கள். சர்வர் பக்கம் அந்த ஒரு ஷேருக்கு மட்டும் லீசிங் மோடை (அதே அனுமதியின் புது வடிவம்) 'நன்' என்று வையுங்கள். வேகம் குறையும், டேட்டா பிழைக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் மென்பொருளையே சர்வரில் வைத்து எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஓட்டட்டும். ஃபைல் வலையில் பயணமே செய்யாது, சர்வருக்குள்ளேயே திறந்து மூடும். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அரிசி மண்டியில் இப்படி மாற்றிய பிறகு இண்டெக்ஸ் கெடவில்லை. முன்பெல்லாம் திங்கள்கிழமை காலை ரீஇண்டெக்ஸ் போடுவதே அங்கே ஒருவருக்கு வேலை. உங்களுடையது டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்றால் இந்த வழியும் நேராக நடக்காது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள் ஓடாது, 2008 ஆர்2 முதல் சர்வர்கள் எல்லாமே 64 பிட்தான்.

கேள்வி (திருச்சி): 2022க்கு வாங்கிய சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்த ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ வாங்கும் லைசென்ஸ்) 2025 சர்வருக்குச் செல்லுமா?

செல்லாது. 2025 சிஏஎல் 2022க்குச் செல்லும்.

கேள்வி (நாகர்கோவில்): டொமைன் 2003-இல் தொடங்கியது, இப்போது இரண்டு 2012 ஆர்2 டொமைன் கன்ட்ரோலர்கள். 2025-ஐ மூன்றாவதாகச் சேர்க்கப் பார்த்தால் விடமாட்டேன் என்கிறது.

உங்களுக்கு இரண்டு முட்டுக்கட்டை. 2025 உள்ளே வர ஃபாரஸ்ட் லெவல் (டொமைன் முழுவதும் எந்தப் பதிப்பின் விதிப்படி ஓடுகிறது என்ற அளவு) 2016 ஆவது இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் ஒன்று இருக்கும்வரை அந்த லெவலுக்கு ஏற முடியாது. ஆகவே நடுவில் ஒரு 2022 வர வேண்டும், பழைய இரண்டும் இறங்க வேண்டும், லெவலை ஏற்ற வேண்டும், பிறகுதான் 2025.

இரண்டாவது, 2003-இல் பிறந்த டொமைன் என்றால் சிஸ்வால் ஃபோல்டர் (பாலிசிகள் இருப்பது, எல்லா கன்ட்ரோலரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியது) இன்னும் எஃப்ஆர்எஸ் என்ற பழைய முறை வழியாகவே நகலாகிக் கொண்டிருக்கலாம். 2019 முதல் எஃப்ஆர்எஸ் கிடையாது, 2022-ஐயும் சேர்க்க விடாது. டிஎஃப்எஸ்ஆர்மிக் என்ற கட்டளையால் டிஎஃப்எஸ்ஆர் என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். தயார், திருப்பிவிடு, நீக்கு என்று மூன்று படி. ஒவ்வொரு படியிலும் எல்லா கன்ட்ரோலரும் வந்து சேர்ந்துவிட்டதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றாவது படி ஏறினால் இறங்க வழியில்லை.

தொடங்கும் முன் ஈவன்ட் லாகில் 13568 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஃப்ஆர்எஸ் எப்போதோ நின்றுபோய்விட்டது. ஓரிடத்தில் இரண்டு கன்ட்ரோலரிலும் சிஸ்வாலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். ஒன்றில் 14 பாலிசி, இன்னொன்றில் 9. ஒரு வருடத்துக்கு மேலாக அப்படியே ஓடியிருக்கிறது. 'சில நாள் வால்பேப்பர் மாறும் சார்' என்றார்கள். அந்த நிலையில் மைக்ரேஷன் தொடங்கியிருந்தால் எது தங்கியிருக்கும் என்பது அதிர்ஷ்டம்தான்.

கேள்வி (பெருந்துறை): ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதை ஏற்க மாட்டேன். எங்கள் எக்ஸ்பி ஒரு வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறது. மாற்றினால் இயந்திரத்தையே மாற்ற வேண்டும். இன்டர்நெட் இணைப்பு இல்லை. எஸ்எம்பி1 வழியாகப் பரவிய வான்னாக்ரை வைரஸ் பயன்படுத்திய ஓட்டை 2022-இல் கிடையாது. பிறகு எஸ்எம்பி1 போட்டால் என்ன குடி முழுகிப்போகும்?

நல்ல கேள்வி. பாதி சரி. அந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது, மே மாதம் தாக்குதல் வந்த பிறகு எக்ஸ்பிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆனால் அந்த ஓட்டை மட்டும் பிரச்சினை இல்லை. எஸ்எம்பி1-இல் என்க்ரிப்ஷன் கிடையாது. நடுவில் ஒருவன் புகுந்து பேச்சை மாற்றினால் கண்டுபிடிக்க எஸ்எம்பி 3.1.1-இல் உள்ள ஏற்பாடும் கிடையாது.

பெருந்துறை: நடுவில் யார் வரப்போகிறார்கள்? எட்டு போர்ட் ஸ்விட்ச், நாலு பேர். அதுவும் வான்னாக்ரையில் மாட்டியதெல்லாம் விண்டோஸ் 7. எக்ஸ்பி தப்பித்தது.

ஒப்புக்கொள்கிறேன், மாட்டியதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7தான். எக்ஸ்பி தப்பித்தது பலத்தால் அல்ல, அந்தத் தாக்குதல் நுழைந்ததும் பல சமயம் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது. இயந்திரம் ஓட்டும் கணினி அப்படிப் படுத்தால் உங்களுக்குப் பரவாயில்லையா?

இன்டர்நெட் இல்லை என்பதற்கும் ஒரு பதில். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் வான்னாக்ரையின் ஒரு வகை புகுந்தது. புதிதாக வந்த ஒரு கருவியில் மென்பொருள் நிறுவும்போது வைரஸ் சோதனை செய்யாமல் வலையில் இணைத்துவிட்டார்கள். அவர்களிடம் இல்லாத ஒழுங்கா நம்மிடம்? உங்கள் இயந்திரத்துக்கு சர்வீஸ் ஆள் வரும்போது கையில் என்ன கொண்டுவருகிறார்?

பெருந்துறை: பென்டிரைவ். சரி, வேறு வழி சொல்லுங்கள். திட்டுவது சுலபம்.

சொல்கிறேன். பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு இரண்டு நெட்வொர்க் கார்டு செருகுங்கள். ஒரு கார்டு அலுவலக வலைக்கு, இன்னொன்றிலிருந்து எக்ஸ்பிக்கு நேராக ஒரே ஒரு கேபிள். லினக்ஸ் பெட்டி 2022 சர்வரில் உள்ள டிசைன் ஃபோல்டரை எஸ்எம்பி3-இல் மவுன்ட் செய்துகொள்ளும், அதையே சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸ் ஷேர் காட்டும் மென்பொருள்) வழியாக எக்ஸ்பிக்குப் பழைய மொழியில் காட்டும். 2019ஆம் ஆண்டில் வந்த சாம்பா 4.11 முதல் அங்கேயும் எஸ்எம்பி1 அணைந்துதான் வரும், குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 (எஸ்எம்பி1-க்கு அங்கே பெயர்) என்று நீங்களே எழுத வேண்டும். சாம்பா இரண்டாவது கார்டில் மட்டும் கேட்கட்டும். பெட்டியில் இரண்டு கார்டுக்கும் இடையே பாக்கெட் ஃபார்வர்டிங் கூடாது. ஷேர் ரீட்-ஒன்லி.

பெருந்துறை: எக்ஸ்பியில் வைரஸ் வந்தால் உங்கள் லினக்ஸ் பெட்டி வழியாகவும் சர்வருக்குப் போகுமே?

அதற்காகத்தான் ரீட்-ஒன்லி என்றேன். இயந்திரம் ரிப்போர்ட் ஏதாவது எழுத வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு ஃபோல்டர், அது லினக்ஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். கெட்டால் அந்த ஃபோல்டர் கெடும்.

கேள்வி (கரூர்): எங்களிடமும் எக்ஸ்பிதான். ஆனால் பெட்டியெல்லாம் வேண்டாம், சுலபமாக ஏதாவது?

எக்ஸ்பியிலேயே எஃப்டிபி கட்டளை இருக்கிறது. டொமைன் கன்ட்ரோலர் அல்லாத ஒரு சர்வரில் எஃப்டிபி வைத்து ஒரு பேட்ச் ஃபைல் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு வெளிப்படையாகத்தான் போகும், அதற்கென்றே ஒன்றுக்கும் உதவாத கணக்கு ஒன்று உருவாக்குங்கள்.

கேள்வி (புதுச்சேரி): புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பழைய நாஸ் பெட்டி (வலையில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) திறக்கவில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்த ஷேர்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பாக இருக்கும். அது கையொப்பம் இல்லாமல் பேசாது. கையொப்பச் சாவி பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, ஆகவே சாவி இல்லை, ஆகவே கையொப்பம் இல்லை. நாஸில் ஒரு பயனர் கணக்கு போட்டுப் பாஸ்வேர்டு கொடுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். சர்வர் 2025 வெளியே ஒரு ஷேரைத் தேடிப் போகும்போதும் இதே கண்டிப்புதான்.

கேள்வி (தஞ்சாவூர்): 2022 போட்ட பின் எக்ஸ்பி...

ஈரோடு. பெருந்துறை. கரூர். படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (வேலூர்): 2025 டொமைன் கன்ட்ரோலர் வைத்தோம். எடைமேடை மென்பொருள் ஓடும் 2003 மெம்பர் சர்வரில் லாகின் தகராறு. சில பழைய சர்வீஸ் கணக்குகளும் நின்றுவிட்டன.

இரண்டும் ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு தனிச் சிக்கல்கள். கெர்பரோஸ் என்ற டொமைன் லாகின் முறையில் 2003க்கு ஆர்சி4, டிஇஎஸ் என்ற பழைய என்க்ரிப்ஷன்கள் தவிர எதுவும் தெரியாது. 2025 கன்ட்ரோலர் ஆர்சி4-இல் முதல் டிக்கெட்டை (லாகின் சீட்டை) தராது. அந்த 2003-ஐ டொமைனிலிருந்து கழற்றித் தனியாக விடுங்கள், வேறு கௌரவமான வழி இல்லை.

கணக்குகளுக்கு வழி உண்டு. ஒரு கணக்கின் ஏஇஎஸ் (புது என்க்ரிப்ஷன்) சாவி, பாஸ்வேர்டு வைக்கும் நேரத்தில்தான் உருவாகும். டொமைன் 2003-ஆக இருந்த காலத்தில் வைத்த பாஸ்வேர்டை யாரும் தொடவே இல்லையென்றால் அந்தக் கணக்குக்கு ஏஇஎஸ் சாவியே கிடையாது. நான் பார்த்த ஓர் அச்சகத்தில் 'பேக்கப்' என்ற கணக்கின் பாஸ்வேர்டு கடைசியாக மாறிய தேதி 2004. இரவு பேக்கப் நின்று மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அட்மின் கணக்கில் நுழைந்து அதே பழைய பாஸ்வேர்டையே ரீசெட் என்று மறுபடி தட்டினேன், ஓடியது. புதிதாக ஒன்று வைப்பதுதான் முறை, அதை மறுநாள் செய்தேன்.

கேள்வி (வேலூர், மீண்டும்): அந்த 2025-ஐ ரீஸ்டார்ட் செய்தால் யாராலும் எட்ட முடியவில்லை. ஃபயர்வாலை அணைத்துவிட்டோம்.

போடுங்கள், முதலில் அதைத் திரும்பப் போடுங்கள். 2025 கன்ட்ரோலர்கள் ரீஸ்டார்ட் ஆனதும் ஃபயர்வாலின் டொமைன் ப்ரொஃபைலை எடுக்காமல் பப்ளிக்கில் உட்கார்ந்துகொண்ட பிழை ஒன்று இருந்தது. மைக்ரோசாஃப்டே 2025ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அப்டேட் போடுங்கள். அதுவரை நெட்வொர்க் அடாப்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். அதில் ஷேர் ஏதும் இல்லையே?

வேலூர்: அக்கவுன்ட்ஸ் ஃபோல்டர் இருக்கிறது.

தெரியும்.

கேள்வி (பெருந்துறை): பெட்டி தயார். எக்ஸ்பியில் சாம்பா பெயர் தெரிகிறது. பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ஜெயித்துவிட்டீர்கள், கடைசி முடிச்சுதான் பாக்கி. எக்ஸ்பி பாஸ்வேர்டுக்குப் பழைய என்டிஎல்எம் முறையில் பதில் அனுப்புகிறது, சாம்பா அதன் புது வடிவமான என்டிஎல்எம்வி2 மட்டும் வாங்கும். சாம்பாவைத் தளர்த்தாதீர்கள், எக்ஸ்பியால் இது முடியும். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல் என்ற வரியைத் தேடி, என்டிஎல்எம்வி2 பதில் மட்டும் அனுப்பு என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இயந்திரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது வேண்டாம், ஷிஃப்ட் முடியட்டும்.