இரண்டு ஓட்டு ஒன்றானது எப்படி? கலிஃபோர்னியா கவுன்சில் தேர்தல்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் நகர கவுன்சில் தேர்தலை டிஸ்ட்ரிக்ட் (மாவட்டம் அல்ல, நம்மூர் வார்டு மாதிரி ஊருக்குள் ஒரு தொகுதி) வாரியாக மாற்றிவிட்டன. ஊர் முழுக்க எல்லோருக்கும் ஓட்டுப் போட்ட காலம் போய், உங்கள் டிஸ்ட்ரிக்டில் நிற்பவருக்கு மட்டும் ஓட்டு என்றானது. நம் ஆட்கள் அதிகம் இருக்கும் ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சாண்டா கிளாரா மூன்றும் இதில் அடக்கம். ஓர் ஊரின் எல்லை வரையும் குழுவில் இருந்தவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்தன. தெரிந்த வரைக்கும் பதில்.

ஃப்ரீமாண்டில் 2016-ல் கவுன்சிலுக்கு இரண்டு பேருக்கு ஓட்டுப் போட்டேன். இப்போது ஒருத்தருக்குத்தான், அதுவும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. இது நஷ்டம்தானே அக்கா?

எண்ணிக்கையில் நஷ்டம். பலத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஓர் ஊரில் மூன்று இடம் காலி, ஆளுக்கு மூன்று ஓட்டு என்று வையுங்கள். 55 சதவீதம் பேர் ஒரே மூவருக்குப் போட்டால் மூன்று இடமும் அவர்களுக்கே. மீதி 45 சதவீதத்துக்குப் பூஜ்யம். அடுத்த தேர்தலிலும் அதே கதைதான். அந்த 45 சதவீதம் பேர் ஊரின் ஒரு பக்கமாகச் சேர்ந்து வாழ்ந்தால், டிஸ்ட்ரிக்ட் பிரித்ததும் ஓரிரு இடம் அவர்கள் கைக்கு வரும்.

செலவும் குறையும். ஃப்ரீமாண்டில் 2020 கணக்குப்படி சுமார் 2,30,000 பேர், ஆறு டிஸ்ட்ரிக்ட். ஒவ்வொன்றிலும் 38,000 பேர் அளவில். ஊர் முழுக்கத் தபாலில் விளம்பர அட்டை அனுப்பக் காசில்லாதவரும் இந்த அளவுக்கு வீடு வீடாக ஏறி இறங்கிவிடலாம்.

சென்னையில் நான் பார்த்ததெல்லாம் வார்டு கவுன்சிலர்தான். இத்தனை பெரிய நாட்டில் இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை?

செய்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெரிய ஊர்களில் வார்டுதான். வார்டு தாதாக்கள் வேலை கொடுத்து ஓட்டு வாங்குகிறார்கள் என்று சொல்லி, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சீர்திருத்தக்காரர்கள் அதை ஒழித்துவிட்டு, ஊருக்கே பொதுவான ஆட்கள் வேண்டும் என்றார்கள். காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வார்டோடு சேர்ந்து ஏழைகளும் குடியேறிகளும் கறுப்பினத்தவரும் கவுன்சிலிலிருந்து வெளியேறினார்கள். எல்லா இடத்திலும் அது தற்செயலும் இல்லை. டெக்சஸின் ஆஸ்டினைப் பாருங்கள். 1951-ல் ஆர்தர் டிவிட்டி என்ற கறுப்பினத் தலைவர் ஜெயிக்கிற தூரத்துக்கு வந்தார். 1953-ல் விதி மாறியது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி எண், தனிப் போட்டி, பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் வெற்றி. சிறுபான்மையினர் தங்கள் ஓட்டையெல்லாம் ஒருவருக்கே குவித்து ஜெயிக்கும் வழி அதோடு அடைபட்டது. அங்கே டிஸ்ட்ரிக்ட் முறைக்கு மக்கள் சம்மதம் சொன்னது 2012-ல், முதல் தேர்தல் 2014-ல்.

‘டிஸ்ட்ரிக்ட் முறைக்கு மாறாவிட்டால் வழக்கு’ என்று ஒரு வக்கீல் கடிதம் போட்டாராம், கவுன்சில் உடனே பணிந்துவிட்டதாம். என்ன மிரட்டல் இது?

கடிதத்துக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டம் 2002-ல் கையெழுத்தாகி, 2003 முதல் அமலில் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் 1965 வாக்குரிமைச் சட்டப்படி வழக்குப் போட்டால், சிறுபான்மையினர் ஒரு டிஸ்ட்ரிக்டில் பெரும்பான்மையாகும் அளவுக்கு நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று காட்ட வேண்டும். மாநிலச் சட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஒரு பிரிவு விரும்பும் வேட்பாளரை மற்றவர்கள் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கிறார்கள், அதனால் அந்தப் பிரிவின் ஓட்டுக்கு மதிப்புப் போய்விட்டது என்று நிரூபிக்க வேண்டும். வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை வைத்துப் புள்ளியியல் நிபுணர்கள் கணக்குப் போட்டுக் காட்டுவார்கள்.

எதிர்த்து நின்ற ஊர்கள் நன்றாகவே பட்டன. மொடெஸ்டோ எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தது. பாம்டேல் 45 லட்சம். அது ரோட்டுப் பள்ளத்தை அடைக்க வேண்டிய பணம். அதனால் 2016-ல் ஒரு பாதுகாப்பு வழி வந்தது. கடிதம் கிடைத்த 45 நாளுக்குள் ‘மாறுகிறோம்’ என்று தீர்மானம் போட்டால், அடுத்த 90 நாளுக்கு வழக்குப் போட முடியாது. கடிதம் அனுப்பியவருக்கு 30,000 டாலர் வரை கொடுத்தால் போதும் (விலைவாசிக்கு ஏற்ப இந்த வரம்பு ஏறும்). ஒரு பக்கம் 30,000, இன்னொரு பக்கம் பல மில்லியன். பணிந்தார்கள் என்பதைவிடக் கணக்குப் பார்த்தார்கள் என்பேன்.

நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஓட்டே கிடையாது. எல்லை போடும்போது என் தலை கணக்கில் வருமா?

வரும். டிஸ்ட்ரிக்டுகளைச் சமமாக்குவது மக்கள் தொகையை வைத்து, வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல. குழந்தை, விசாவில் இருப்பவர், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட அம்மா, எல்லோரும் சேர்த்தி. பெரிய டிஸ்ட்ரிக்டுக்கும் சிறியதற்கும் 10 சதவீதம் வரை வித்தியாசம் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. அப்புறம், எல்லை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் பேசக் குடியுரிமை வேண்டாம். இது தெரியாமல் நம்மில் பாதிப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போய் என்னதான் பேசுவது? ‘எங்களுக்கு ஒரு டிஸ்ட்ரிக்ட் கொடுங்கள்’ என்றா?

அப்படிப் பேசினால் குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இனத்தையே முதன்மைக் காரணமாக வைத்துக் கோடு போட்டால் அரசியல் சட்டச் சிக்கல் வரும், அதனால் அதிகாரிகளும் அதை எழுத்தில் தொடத் தயங்குவார்கள். கேட்க வேண்டியது வேறு. 2019-ல் வந்த மாநிலச் சட்டம் கோடு போடும் விதிகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் துண்டு துண்டாகாமல் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்து, ஒரே நலன் கொண்ட அக்கம்பக்கத்தைப் பிளக்கக் கூடாது. அப்புறம்தான் பெரிய ரோடு, ரயில் பாதை, ஓடை மாதிரியான எல்லைகள். கட்சிக்குச் சாதகமாகப் போடவே கூடாது.

இந்த இரண்டாவது விதிதான் நம் ஆயுதம். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் வரைபடத்தில் ஓர் அபார்ட்மென்ட் வளாகமும் அதன் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியும் வெவ்வேறு டிஸ்ட்ரிக்டில் விழுந்தன. நடுவே ஆறு வழிச் சாலை. கணினியில் பார்த்தால் அருமையான எல்லை. ஒரு பாட்டி மைக்கைப் பிடித்து, தினமும் காலையில் பேரனோடு அந்தச் சாலையைக் கடப்பதாகவும், சிக்னல் நேரம் போதவில்லை என்று முறையிட இனி எந்தக் கவுன்சிலரிடம் போவது என்றும் கேட்டார். அவர் மகள் இங்கிலீஷில் சொன்னாள். இரண்டு நிமிஷம்தான். அடுத்த வரைபடத்தில் கோடு ஒரு தெரு தள்ளிப் போனது. அன்று கோபமாக நீளமாய்ப் பேசியவர்கள் யாராலும் ஒரு கோடும் நகரவில்லை.

தெருப் பெயர், பள்ளி, பூங்கா, வாடகை, பஸ் ரூட் என்று பேசுங்கள். முக்கியமாக, வரைபடம் வருவதற்கு முன் நடக்கும் இரண்டு கூட்டங்களுக்குப் போங்கள். அப்போது கூட்டம் காலியாக இருக்கும். படம் வெளியானபின் எல்லோரும் வருவார்கள், அதற்குள் கவுன்சிலர்களின் மனசில் ஒரு படம் பதிந்திருக்கும்.

இப்போதைய கவுன்சிலர்களின் பதவி உடனே போய்விடுமா?

போகாது. இருக்கும் காலத்தை முடிப்பார்கள். ஒரே டிஸ்ட்ரிக்டில் இருவர் வீடு விழுந்தால் பிறகு அவர்களுக்குள் போட்டி. எந்த டிஸ்ட்ரிக்டுக்கு முதலில் தேர்தல் என்பதையும் கவனியுங்கள். கவுன்சிலில் காலங்காலமாகத் தன் ஆளே இல்லாத பகுதியை இரண்டு வருஷம் காக்க வைப்பது பழைய ஆட்டத்தின் தொடர்ச்சிதான்.

மேயர்?

ஊருக்கு ஊர் வேறு. சன்னிவேலில் 2020 மார்ச்சில் மக்கள் ஓட்டுப் போட்டு, ஆறு டிஸ்ட்ரிக்டும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயரும் வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொருவரும் தன் தெருவை மட்டும் பார்ப்பார்கள், ஊர் நாசமாகும். இனத்தை வைத்துப் பிரிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் பயம் நியாயமானது. தன் டிஸ்ட்ரிக்டில் அடுக்குமாடி வரக்கூடாது என்று ஒவ்வொருவரும் முட்டுக்கட்டை போடுவதைப் பார்க்கிறோம். ஆனால் பழைய முறையில் ஊர் முழுவதையும் பார்த்தார்களா? டிஸ்னிலாந்து இருக்கும் அனஹைமில் மக்களில் பாதிக்கு மேல் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). அப்போது கவுன்சிலில் பெரும்பாலோர் கிழக்கே வசதியான அனஹைம் ஹில்ஸ் பகுதிக்காரர்கள். 2012-ல் வழக்கு வந்தது, 2014-ல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் டிஸ்ட்ரிக்டுக்குச் சம்மதித்தார்கள்.

சாண்டா கிளாரா இன்னும் நமக்குப் பக்கம். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் ஆசியர். ஆனாலும் 2018-க்கு முன் ஓர் ஆசிய அமெரிக்கர்கூடத் தேர்தலில் ஜெயித்துக் கவுன்சிலுக்குப் போனதில்லை. நீதிமன்ற உத்தரவின்படி 2018-ல் டிஸ்ட்ரிக்ட் தேர்தல் நடந்தது, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ராஜ் சாஹல் ஜெயித்தார். பிரிவினை ஓட்டில் ஏற்கெனவே இருந்தது, கோடு அதைக் கொண்டுவரவில்லை என்பது என் வாதம்.

நாம் ஊர் முழுக்கச் சிதறி இருக்கிறோமே. நமக்கு என்ன லாபம்?

நேரடி லாபம் குறைவுதான். மறைக்க வேண்டியதில்லை. சிதறிய சமூகத்துக்கு வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறையே பொருத்தம். அதில் ஊரைப் பிரிக்காமலேயே சிறுபான்மைக்குப் பங்கு கிடைக்கும். பெர்க்லிக்குப் பக்கத்து ஆல்பனியில் 2020-ல் மக்கள் அதைத்தான் ஏற்றார்கள். சாண்டா மோனிகா வழக்கில் 2023 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், ஒரு பிரிவு டிஸ்ட்ரிக்டில் பெரும்பான்மையாக முடியாவிட்டாலும் வழக்கு நிற்கும், இந்த மாதிரி மாற்று முறைகளையும் பார்க்கலாம் என்றது. உங்கள் ஊர் இன்னும் மாறவில்லை என்றால், டிஸ்ட்ரிக்டுக்குத் தலையாட்டும் முன் இதையும் கேளுங்கள்.

ஒரு தடவை போட்ட கோடு எத்தனை வருஷத்துக்கு?

அடுத்த மக்கள் தொகைக் கணக்கு வரும் வரை. 2020 கணக்குக்குப் பிறகு எல்லைகளைச் சரிபார்த்தார்கள், 2030-க்குப் பிறகு மறுபடி நடக்கும். அந்தப் படிவம் வரும்போது வீட்டில் தங்கியிருக்கும் ரூம்மேட்டையும் சேர்த்து எழுதுங்கள், லீஸில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.