தைராய்டு அழற்சி குழந்தைக்கும் பரவுமா?

வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: எனக்கு இது இரண்டாவது மாதம். இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 5.8 என்றும், ஆன்டி டிபிஓ (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்) மிக அதிகம் என்றும் வந்திருக்கிறது. ‘ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி’ என்று கூறி, மருத்துவர் 50 மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அழற்சி உடல் முழுவதும் பரவும் என்று படித்ததிலிருந்து உறக்கமில்லை. அது குழந்தைக்கும் பரவுமா? மாதமாக இருக்கும்போது மாத்திரையே கூடாது என்கிறார் என் மாமியார்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் அச்சம் முழுவதும் ‘பரவும்’ என்ற ஒரு சொல்லில் இருப்பதால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால், ஓரிரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, உடம்பு காய்கிறது, சோறு இறங்க மறுக்கிறது. முள் தைத்த இடத்தில் உள்ள பாதுகாப்புச் செல்கள் சில வேதிப்பொருள்களை வெளியிட, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. அந்தக் கசிவின் வழியே நீரும் வெள்ளணுக்களும் திசுவுக்குள் இறங்குவதால்தான் அவ்விடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறது. அதே செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் இரத்தத்தில் கலந்து மூளைக்குச் சென்று காய்ச்சலையும், கல்லீரலுக்குச் சென்று சிஆர்பி என்னும் புரதத்தின் உற்பத்தியையும் தூண்டுகின்றன. புண்ணிலிருந்து வடியும் நிணநீர் தொடையிடுக்கிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர்வதால் அது புடைக்கிறது. காலில் உள்ள புண் காலிலேயே இருக்க, அதைப் பற்றிய செய்திதான் உடம்பெங்கும் போகிறது. கிருமியே இரத்தத்தில் கலந்து பெருகும் கொடிய நிலை ஒன்று உண்டு. அதற்கும் உங்களுக்கும் தொடர்பில்லை.

உங்களுக்கு இருப்பதில் கிருமியே இல்லை. 1912இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் கழுத்துக் கழலைகளை ஆராய்ந்து, சுரப்பி முழுவதும் நிணவணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதைக் கண்டு எழுதினார். சொந்தச் சுரப்பியையே அயலானாக எண்ணித் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இதில் இருப்பது 1956இல்தான் தெரியவந்தது. வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி நடக்கும் இந்த அழற்சி தைராய்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. உங்கள் பரிசோதனையில் மிகுந்திருக்கும் டிபிஓ எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்வது உண்மைதான். ஆனால் அவை குழந்தையின் தைராய்டைச் சிதைப்பதில்லை.

குழந்தைக்குப் போய்ச் சேரக்கூடியது அழற்சியால் விளையும் பற்றாக்குறை. கருவின் தைராய்டு ஏறத்தாழ 12ஆம் வாரத்தில்தான் ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. போதுமான அளவு சுரக்க 18 முதல் 20 வாரங்கள் ஆகின்றன. அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனைத் தாயிடமிருந்தே பெற்றாக வேண்டும். தாயின் தேவையோ கர்ப்பத்தின் 4 முதல் 6 வாரங்களுக்குள்ளேயே ஏறத் தொடங்கி, 25 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. நல்ல சுரப்பி இந்தக் கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும். அழற்சியால் நலிந்த சுரப்பிக்கு அது இயலாது. கருச்சிதைவும் குறைப்பிரசவமும் அப்போது கவலைக்குரியவை ஆகின்றன.

உங்கள் மாமியாரின் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன்; பொதுவாகக் கர்ப்பத்தில் மாத்திரைக்கு அஞ்சுவது நல்ல பழக்கமே. ஆனால் உங்களுக்கு எழுதிக் கொடுத்த லெவோதைராக்சின் மாத்திரை என்பது நம் சுரப்பி தரும் அதே ஹார்மோன்தான். அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. மூன்றையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, “மாத்திரை வேலை செய்யவில்லை” என்று வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டிஎஸ்எச் பார்த்து, அதை 2.5க்குக் கீழே வைத்திருப்பதே பொதுவான இலக்கு. இன்னொன்று: சத்து மிகுந்தது என்று நம்பி இந்துப்புக்கு மாறியிருந்தால், அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்புங்கள். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பில் அது போதிய அளவு கிடைக்காது.

கேள்வி: ஏழாம் மாதத்தில் எடுத்த பரிசோதனையில் என் ஈஎஸ்ஆர் 48 என்று வந்துள்ளது. உடலில் அழற்சி மிகுந்துவிட்டதா?
— வாசகி, சேலம்

பதில்: இல்லை. இரத்தத்தின் சிவப்பணுக்கள் எவ்வளவு விரைவாகப் படிகின்றன என்பதே ஈஎஸ்ஆர். கர்ப்பத்தில் இரத்தத்தின் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் கூடுவதால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைவாகப் படிகின்றன. அதனால் நலமான கர்ப்பிணிக்கும் இந்த எண் ஏறும். காய்ச்சலோ மூட்டு வீக்கமோ இல்லாதபோது அதை எடுத்திருக்கவே வேண்டியதில்லை.

கேள்வி: பிரசவமாகி மூன்று மாதம் ஆகிறது. படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு இருக்கிறது. தைராய்டு அதிகம் என்கிறார்கள். கர்ப்பத்தின்போது எனக்கு அந்தத் தொல்லையே இல்லையே?
— வாசகி, மதுரை

பதில்: கர்ப்ப காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் குழந்தைக்காகச் சற்று அடங்கி நிற்கிறது. பிரசவத்துக்குப் பின் அது மீண்டும் எழும்போது, அதுவரை ஒளிந்திருந்த தைராய்டு அழற்சி சிலருக்கு வெளிப்படுகிறது. தைராய்டு, வாரக்கணக்கில் பயன்படக்கூடிய ஹார்மோனைக் குதிரில் நெல் போலச் சேர்த்து வைத்திருக்கும் சுரப்பி. அழற்சியால் குதிர் உடைந்தால் உள்ளே இருந்தது கொட்டுகிறது. அதுதான் உங்கள் படபடப்பு. கொட்டி முடிந்தபின், பிரசவமான நான்கு முதல் எட்டு மாதங்களுக்குள் பலருக்கு ஹார்மோன் குறைந்து சோர்வு, மலச்சிக்கல், மனத்தளர்ச்சி வரலாம். வீட்டில் உள்ளவர்கள் அதைப் பிள்ளை பெற்ற அலுப்பு என்று தள்ளிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சுரப்பி சீராகிறது.

ஆனால் இதே அறிகுறிகள் கிரேவ்ஸ் நோயிலும் வரும். அதில் சுரப்பியே மிகையாக உற்பத்தி செய்வதால் கார்பிமசோல் போன்ற, அந்த உற்பத்தியைத் தடுக்கும் மருந்து தேவை. கொட்டிய நெல்லுக்கு அந்த மருந்தால் பயனில்லை, படபடப்பைத் தணிக்கும் மருந்தே போதும். தாய்ப்பால் தரும் நீங்கள் கதிரியக்க அயோடின் ஸ்கேனைத் தவிர்த்து, கிரேவ்ஸ் நோயில் காணப்படும் டிஎஸ்எச் ஏற்பி எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையால் இரண்டையும் பிரித்தறியலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கண் பிதுங்கி இருந்தாலோ கழுத்துக் கழலை பெரிதாகி இருந்தாலோ அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவை கிரேவ்ஸ் பக்கம் கைகாட்டும் அடையாளங்கள்.