வாசகர் கேள்விகள்: மெக்சிகோவின் நான்காம் எண் சட்டை

கேள்வி: ஐந்து கால்பந்து உலகக் கோப்பைகளில் மெக்சிகோ அணிக்குத் தலைமை தாங்கியவர் என்று ரஃபேல் மார்க்கெஸைப் பெரிதும் புகழ்கிறார்கள். ஆனால் அந்த ஐந்திலும் மெக்சிகோ காலிறுதிக்குக்கூடப் போகவில்லையே? பிறகு எதற்காக இந்தப் புகழ்? (மதுரை வாசகர்)

பதில்: தங்கள் கணக்கு சரிதான். 2002, 2006, 2010, 2014, 2018 ஆகிய ஐந்து உலகக் கோப்பைகளிலும் மெக்சிகோ தன் பிரிவில் தேறி, அடுத்த ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியது. பிரிவில் மூன்று ஆட்டங்கள், அதன்பின் ஒன்று, அதையும் வென்றால் காலிறுதி என்பதால், மெக்சிகோ ரசிகர்கள் காலிறுதியை 'ஐந்தாவது ஆட்டம்' என்றே ஏக்கத்தோடு குறிப்பிடுவார்கள். அந்த ஐந்தாவது ஆட்டத்தை மார்க்கெஸ் ஒருமுறையும் ஆடியதில்லை.

முதல் தோல்வியில் அவருடைய பங்கு வருத்தத்திற்குரியது. 2002இல் பயிற்சியாளர் ஹவியர் அகிர்ரே அவரைத் தலைவராக்கியபோது அவருக்கு வயது 23. இத்தாலியும் குரோஷியாவும் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்த அணி, தென்கொரியாவின் ஜியோஞ்சுவில் அண்டை நாடான அமெரிக்காவிடம் 0-2 என்று தோற்றுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே இருந்த நிலையில், பந்துக்காக எழும்பிய அமெரிக்க வீரர் கோபி ஜோன்ஸைத் தலையால் மோதி, மார்க்கெஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். தலைவர் செய்யக்கூடாத காரியம் அது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் அந்த இளைஞர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதால்தான் அவரைப் பற்றிப் பேசுகிறோம். 2006இல் லைப்சிக் நகரில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆறாவது நிமிடத்திலேயே கோல் அடித்து முன்னிலை தந்தவர் அவரே; கூடுதல் நேரத்தில் மாக்சி ரொட்ரிகெஸ் தொலைவிலிருந்து அடித்த கோல்தான் மெக்சிகோவை வீழ்த்தியது. 2010இல் ஜோஹன்னஸ்பர்கில் நடந்த தொடக்க ஆட்டத்தில், தென்னாப்பிரிக்கா முன்னிலையில் இருந்தபோது, 79ஆவது நிமிடத்தில் சமன் செய்ததும் அவர்தான். 2014இல் குரோஷியாவுக்கு எதிராக, 35 வயதில், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். தொடர்ந்து மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடிப்பது முன்கள வீரர்களுக்கே அரிது. அவரோ தற்காப்பு வீரர்.

அதே 2014இல் ஃபோர்டலேசாவில் நெதர்லாந்துக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரை மெக்சிகோ 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஸ்னைடர் சமன் செய்தார். கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களில், பெனால்ட்டி பகுதிக்குள் மார்க்கெஸின் கால் பட்டு ஆர்யன் ராபன் விழ, நடுவர் பெனால்ட்டி கொடுத்தார். ஹூன்டலார் அதைக் கோலாக்கினார். 'அது பெனால்ட்டி இல்லை' என்ற சொற்றொடர் மெக்சிகோவில் இன்றும் வழங்குகிறது. கால் பட்டது உண்மை, அந்தத் தொடுதலுக்கு அத்தனை பெரிய வீழ்ச்சி தேவையில்லை என்பதும் உண்மை. இதுவே என் கருத்து.

இந்த ஆண்டுகளில் மெக்சிகோ பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றியது. அகிர்ரே, லா வோல்பே, எர்ரேரா, ஓசோரியோ என்று ஒருவருக்கொருவர் முற்றிலும் வேறான ஆட்டமுறை கொண்டவர்கள் உலகக் கோப்பைக்கு அணியை அழைத்துச் சென்றார்கள். அத்தனை பேரும் நம்பிய ஒரே வீரர் நான்காம் எண் சட்டை அணிந்த இவர்தான். வேறு எவரும் அதற்குமுன் ஐந்து உலகக் கோப்பைகளில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கியதில்லை. புகழுக்கு அதுவே காரணம்.

கேள்வி: பார்சிலோனா போன்ற அணியில் ஒரு மெக்சிகோ தற்காப்பு வீரர் ஏழு ஆண்டுகள் நிலைத்தது எப்படி? (திருச்சி வாசகர்)

பதில்: பந்தைப் பறிப்பதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைக்காததால்தான். மிச்சோவகான் மாநிலத்தின் சமோராவில் 1979இல் பிறந்த மார்க்கெஸ், குவாதலஹாராவின் அட்லஸ் அணியில் ரிக்கார்தோ லா வோல்பேவிடம் பயின்றவர். பின்னாலிருந்தே பந்தைத் தரையோடு கடத்தி ஆட்டத்தைத் தொடங்கவேண்டும் என்பதில் லா வோல்பே மிகக் கண்டிப்பானவர். நடுக்கள வீரர் ஒருவர் இரு தற்காப்பு வீரர்களுக்கு நடுவே இறங்கிப் பந்தை வாங்கும் முறையை ஸ்பானிய மொழியில் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அந்தப் பயிற்சியோடு 1999இல் மொனாக்கோவுக்குச் சென்று முதல் பருவத்திலேயே பிரெஞ்சு லீக் பட்டம் வென்றவர், 2003இல் பார்சிலோனா வந்தபோது அங்கே தேவைப்பட்டதும் அதுவே. தற்காப்பின் நடுவிலும், காயங்களால் ஆள் குறைந்தபோது அதற்கு முன்னாலும் அணியின் பயிற்சியாளர் ரைக்கார்ட் அவரை ஆடவைத்தார். பார்சிலோனாவில் நான்கு லீக் பட்டங்கள் கிடைத்தன. 2006இல் பாரிஸில் ஆர்சனலை வென்ற இறுதி ஆட்டத்தில் ஆடி, ஐரோப்பிய கிளப் அணிகளின் முதன்மைக் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் மெக்சிகோ வீரரானார். 2009இலும் அணி அக்கோப்பையை வென்றது. ஆனால் செல்சிக்கு எதிரான அரையிறுதியில் முழங்கால் காயமுற்றதால் ரோம் நகர இறுதியில் அவரால் ஆட முடியவில்லை.

கேள்வி: 2018 உலகக் கோப்பையில் அவர் மட்டும் விளம்பரச் சின்னங்கள் இல்லாத உடையில் பயிற்சி செய்தது ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: 2017 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை, போதைப்பொருள் கடத்தல் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஒருவரோடு தொடர்புடையவர்கள் என்று கூறித் தடைப்பட்டியலில் சேர்த்தவர்களுள் மார்க்கெஸும் ஒருவர். அவர் உடனே அதை மறுத்தார். அவர்மீது குற்றவழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆயினும் பட்டியலில் உள்ளவரோடு அமெரிக்க நிறுவனங்கள் எவ்வகையிலும் வணிகத் தொடர்பு வைக்கக்கூடாது என்பதால், அந்நிறுவனங்களின் சின்னங்கள் அவர் பயிற்சி உடையில் இடம்பெறவில்லை. 39 வயதில், அந்தச் சுமையோடு, ஜெர்மனியை 1-0 என்று மெக்சிகோ வென்ற ஆட்டத்தின் பிற்பகுதியில் அவர் மாற்று வீரராக இறங்கியபோது, அதுவரை தலைவராக ஆடிய ஆந்த்ரேஸ் குவார்தாதோ அணிந்திருந்த பட்டை அவர் கைக்கு மாறியது. சகவீரர்கள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. 2021இல் அமெரிக்கா அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பயிற்சித்துறையில் இருக்கிறார். 2022 முதல் இரண்டு ஆண்டுகள் பார்சிலோனாவின் இரண்டாம் அணியை வழிநடத்தினார். 2024இல் மெக்சிகோ தேசிய அணிக்கு உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2026 உலகக் கோப்பைக்குப் பின் தலைமைப் பொறுப்பு அவருக்கே என்றும் அப்போதே அறிவிக்கப்பட்டது. அவர் உதவியாளராகச் சேர்ந்தது, 2002இல் அந்த 23 வயது இளைஞரிடம் அணித்தலைமையை ஒப்படைத்த அதே அகிர்ரேவிடம்தான்.